எல்லோரும் இயக்குநர் என்றால் மைக்கைப் பிடிப்பது யார்?

வடக்கிலோ கிழக்கிலோ நடக்கும் குறும்படப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். முதல் நாள் அறிமுகத்தில் "யாருக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் இயக்குநர் என்பார்கள். சிலர் நடிப்பு என்பார்கள். ஓரிருவர் கமரா என்பார்கள். ஒலிப்பதிவு என்று சொல்ல அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார். பட்டறை முடிவில் படங்களைத் திரையிடும்போது கதை நன்றாக இருக்கும், காட்சியும் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால், அதில் பேசும் அம்மாவின் குரல் காற்றிரைச்சலுக்குள்ளும் ஜெனரேற்றர் சத்தத்துக்குள்ளும் அமிழ்ந்து போயிருக்கும்.

இதைச் சின்னக் குறை என்று விட்டுவிட முடியாது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அன்று பந்தலில் இருந்த தாய் தந்தையரில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்மூடிவிட்டார்கள். அவர்கள் சொன்னது தெளிவாகப் பதிவாகவில்லை என்றால் மறுநாள் போய்த் திரும்ப எடுக்க முடியாது. எமக்குக் கதைக்கும் பஞ்சமில்லை, இயக்குநர் ஆசைக்கும் பஞ்சமில்லை. அந்தக் கதையைக் கேட்கக்கூடியதாகப் பதிந்து, பிறமொழிக்காரருக்கு விளங்கக்கூடியதாக மாற்றி, இன்னும் ஐம்பது வருடத்துக்கு அழியாமல் வைத்திருக்கக்கூடிய ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

திரைப்படத்துக்குள் வர விரும்பும் ஒருவர் தனக்குப் பொருந்தும் வேலையை எப்படிக் கண்டுபிடிக்கலாம், ஒவ்வொரு வேலையும் உண்மையில் எதைக் கேட்கிறது, எமது மண்ணில் எந்த வேலைகளுக்கு ஆளில்லை என்பதை இந்தக் கட்டுரை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

கிடைத்த கதவால் உள்ளே போனவர்கள்

இயக்குநராக வேண்டும் என்ற ஆசையில் பிழை இல்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திராவுக்கும் அந்த ஆசை இருந்தது. பாடசாலைச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் இலங்கையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் எடுத்துக்கொண்டிருந்ததையும், இயக்குநர் மழை என்று குரல் கொடுத்ததும் மழை பெய்ததையும், அந்த இடத்திலேயே சினிமா தன்னைப் பிடித்துக்கொண்டதையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால், 1966இல் பூனே திரைப்படக் கல்லூரிக்குப் போனபோது அவருக்கு இடம் கிடைத்தது ஒளிப்பதிவுப் பிரிவில்தான். 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். ராமு காரியாட்டின் 'நெல்லு' என்ற மலையாளப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்து கேரள மாநில விருது பெற்றார். அவர் இயக்கிய முதல் படமான 'கோகிலா' கன்னடத்தில் 1977இல் வந்தது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கும் அவருக்கே இந்தியத் தேசிய விருது கிடைத்தது.

கல்லூரிக்குள் நுழைந்ததிலிருந்து முதற்படத்தை இயக்கும்வரை 11 வருடங்கள். அந்த 11 வருடமும் அவர் சும்மா காத்திருக்கவில்லை. கையில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை சோறு போட்டது, பெயர் தந்தது, மற்ற இயக்குநர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தது. இயக்குநராகிய பிறகும் அவர் ஒளிப்பதிவைக் கைவிடவில்லை.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் பாதை வேறு. 'கொரில்லா', 'ம்' ஆகிய நாவல்களால் அறியப்பட்ட எழுத்தாளர் அவர். லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்தில் எழுத்திலும் நடிப்பிலும் பங்கெடுத்தார். பிறகு பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் 'தீபன்' படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். 2015இல் அந்தப் படம் கான் விழாவின் உயர் விருதான தங்கப்பனையை வென்றது. நடிப்புப் பள்ளியில் படித்து வந்தவர் அல்லர். வாழ்ந்த அனுபவமும் மொழியும் அவரை அந்த இடத்துக்குக் கொண்டு வந்தன.

இந்த இரண்டு பேரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று. தேர்ந்தெடுத்த வேலையே கடைசிவரை உங்கள் வேலையாக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால், உள்ளே போவதற்கு ஏதாவது ஒரு வேலை உங்கள் கையில் உறுதியாக இருக்கவேண்டும்.

உங்களை எது உறுத்துகிறது?

பொருத்தமான வேலையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மற்றவர்கள் எடுத்த படமொன்றைப் பார்க்கும்போது முதலில் எந்தப் பிழை உங்கள் கண்ணில் அல்லது காதில் படுகிறது என்று கவனியுங்கள்.

பின்னால் ஓடும் மின்விசிறிச் சத்தம் உங்களைப் படத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறதா? "எங்கட ஊரில் ஒருத்தரும் இப்படிக் கதைக்கமாட்டினம்" என்று வசனம் உறுத்துகிறதா? முகத்தில் விழும் வெளிச்சம் பிழை என்று படுகிறதா? முந்தின காட்சியில் நிறைந்திருந்த தேநீர்க் கோப்பை அடுத்த காட்சியில் பாதியாக இருப்பது கண்ணில் குத்துகிறதா? "இந்த இடத்தில் வெட்டியிருக்கவேண்டும்" என்று கை துடிக்கிறதா? அல்லது, "இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்திருப்பார்கள்?" என்ற யோசனை வருகிறதா?

மற்றவர்கள் கவனிக்காத பிழை உங்களை மட்டும் உறுத்துகிறது என்றால் அந்தத் துறையில் உங்களுக்கு இயல்பான கூர்மை இருக்கிறது. கடைசிக் கேள்வியைக் கேட்டவர் தயாரிப்பு நிர்வாகத்துக்குப் பிறந்தவர். அவர் இல்லாமல் எந்தப் படமும் முடிவதில்லை.

வேலைகள் எதைக் கேட்கின்றன?

எழுத்து. திரைக்கதை என்பது காணக்கூடியதையும் கேட்கக்கூடியதையும் மட்டும் எழுதும் வேலை. வழக்கமான திரைக்கதை அமைப்பில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். "அவள் கவலையில் இருந்தாள்" என்பது கதைக்குச் சரி, திரைக்கதைக்கு உதவாது. அவள் என்ன செய்கிறாள் என்று எழுதவேண்டும். எழுத்தாளரின் இன்னொரு பலம் பேச்சுமொழி. எழுபதுகளில் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யை எடுத்தபோது, அந்தப் படத்தை எழுதியவர் காவலூர் இராசதுரை. ஊரின் பேச்சும் சாதி, சீதனம் பற்றிய உள்விபரங்களும் தெரிந்த ஒருவர் இல்லாமல் அப்படியொரு படம் சாத்தியமில்லை. நல்ல கேட்கும் காது உள்ளவர்கள், பொறுமையாகப் பத்துத் தடவை திருத்தி எழுதக்கூடியவர்கள் இங்கே வரலாம்.

தயாரிப்பு நிர்வாகம். அனுமதி எடுப்பது, வாகனம் பேசுவது, யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும் என்ற நாளாந்த அட்டவணையை முதல் நாள் இரவே எல்லோருக்கும் அனுப்புவது, பற்றரி ஏற்றியிருக்கிறதா என்று பார்ப்பது, கணக்கு வைப்பது ஆகியன இந்த வேலை. கலியாண வீட்டையோ கோயில் திருவிழாவையோ முன்னின்று நடத்திய அனுபவம் உள்ளவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் கிராம அலுவலரிடமும் நிதானமாகப் பேசக்கூடியவர் எமது இடங்களில் ஒரு படக்குழுவுக்குப் பெரும் பலம்.

இயக்கம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கட்டளையிடும் வேலையாகத் தெரியும். உண்மையில் நாள் முழுவதும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை. எந்தச் சேலை, எந்தக் கோணம், இன்னொரு தடவை எடுப்பதா வேண்டாமா என்று நூறு கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் ஒரே படத்தை மனதில் வைத்துப் பதில் சொல்லவேண்டும். தன் யோசனையைவிட நல்ல யோசனையை ஒளிப்பதிவாளர் சொன்னால் ஏற்றுக்கொள்ளவும் தெரியவேண்டும். புகழ் பிடிக்கும், பொறுப்பு பிடிக்காது என்பவர் இதற்குச் சரிவரமாட்டார்.

ஒளிப்பதிவு. விலை கூடிய கமரா வாங்கினால் ஒளிப்பதிவாளர் ஆகிவிடலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஒளி எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு எந்த யன்னலால் வருகிறது என்று பார்க்கும் கண்தான் முதலீடு. ஒரு சிறிய உதாரணம்: இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல கைத்தொலைபேசிகள் செக்கனுக்கு 30 சட்டங்கள் என்ற அளவில் பதிவு செய்யும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அதனால் ரியூப்லைட் வெளிச்சத்தில் படம் சிமிட்டுவதுபோல் தெரியலாம். 25 சட்டங்களுக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்காக வைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். இப்படியான சின்ன விடயங்களைத் தேடித் தேடி அறியும் ஆர்வம் உள்ளவருக்கு இந்த வேலை.

ஒலிப்பதிவு. ஒளி கொஞ்சம் பிழைத்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு விளங்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். காதில் ஹெட்போன் இல்லாமல் ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்பது முதல் விதி. சட்டையில் குத்தும் சிறிய மைக்கை நாடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் கீழே வைக்கவேண்டும். உச்ச ஒலி கழித்தல் 12 டெசிபல் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், அழுகையோ கோபமோ வந்து குரல் உயரும்போது ஒலி உடையாது. பேட்டி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருக்க, அந்த அறையின் அமைதியை 30 செக்கன் பதிய வேண்டும். வெட்டிய இடங்களை மூட படத்தொகுப்பாளருக்கு அது தேவை. குளிரூட்டியை நிறுத்தினால் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். திறப்பை எடுக்கப் போகும்போது குளிரூட்டியைத் திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். அமைதியானவர்கள், கூட்டத்தில் கதைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த வேலையில் மிளிர்வார்கள்.

தொடர்ச்சி பார்த்தல். காட்சிகள் கதை ஒழுங்கில் எடுக்கப்படுவதில்லை. நெற்றியில் திருநீறு இருந்ததா, கடிகாரம் எந்தக் கையில், கதவு திறந்திருந்ததா, எந்தத் தடவை நன்றாக வந்தது என்று குறித்து வைக்க ஒருவர் வேண்டும். ஒழுங்கான கையெழுத்தும் கூர்மையான கண்ணும் போதும். இயக்குநருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலை என்பதால் படமெடுக்கும் முறையை வேகமாகக் கற்றுக்கொள்ளவும் இது நல்ல இடம்.

படத்தொகுப்பு. புனைவுப் படத்தில் எழுத்தாளர் முதலில் எழுதுகிறார், படத்தொகுப்பாளர் கடைசியில் எழுதுகிறார். ஆவணப்படத்தில் அநேகமாகப் படத்தொகுப்பாளர்தான் எழுதுகிறார். மணிக்கணக்கான பேட்டிகளை ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்கி, நேரக் குறிப்புப் போட்டு, முதலில் தாளில் படத்தைக் கட்டிப் பார்ப்பதுதான் நல்ல பழக்கம். டாவின்சி ரிசோல்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆரம்பிக்கப் போதும். தனிமையும் பொறுமையும் பிடித்தவர்களுக்கு இது பொருந்தும். தான் விரும்பிய காட்சியைக்கூடப் படத்துக்காகத் தூக்கியெறியும் மனமும் வேண்டும்.

எமது இடத்தில் ஆளில்லாத வேலைகள்

மேலே சொன்னவை எங்கும் உள்ளவை. போரால் பாதிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கதையைப் படமாக்கும்போது இன்னும் சில வேலைகள் முக்கியமாகின்றன. அவற்றை வேலை என்றே நாம் பலமுறை கருதுவதில்லை.

முதலாவது, சாட்சியோடு இருப்பவர். கமரா போவதற்கு முன்னரே அந்த வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்து, எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், வேண்டாம் என்றால் எப்போதும் நிறுத்தலாம் என்று விளக்கிச் சொல்லும் ஆள் அவர். ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதோடு அந்த வேலை முடிவதில்லை. முகத்தை மறைக்கவேண்டுமா, குரலை மாற்றவேண்டுமா, ஊர்ப் பெயரை விடவேண்டுமா என்று தீர்மானிப்பதும் அவரோடு சேர்ந்துதான். படம் வெளிவந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போய் வரவேண்டும். பெண்களின் அனுபவங்களைக் கேட்பதற்குப் பெண்களே போவது பல இடங்களில் அவசியம். இரவுப் படப்பிடிப்புக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் குடும்பங்கள்கூட இந்த வேலையின் மதிப்பை விளங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, உபதலைப்பும் மொழிபெயர்ப்பும். பொதுவாக ஒரு தடவையில் இரண்டு வரி, ஒரு வரியில் ஏறக்குறைய 40 எழுத்து, திரையில் அதிகபட்சம் 7 செக்கன் அளவு. இந்த நெருக்கடிக்குள் சொல் தெரிவு செய்யவேண்டும். "காணாமல் போனோர்" என்பதற்கும் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் "நான் என்ர கையால கொண்டுபோய் ஒப்படைச்சனான்" என்று ஒரு தாய் சொல்வதை, "அவன் போனான்" என்று மொழிபெயர்த்தால் படத்தில் ஒரு வரி குறைவதோடு நிற்காது, ஒரு சாட்சியமே இல்லாமற் போகும். ஆங்கிலத்துக்கு மாற்றக்கூடியவர்கள் கொஞ்சம் பேராவது இருக்கிறார்கள். சிங்களத்துக்கு நன்றாக மாற்றக்கூடியவர்கள் மிகக் குறைவு. இந்த நாட்டின் மறுபாதிக்கு எமது கதை போய்ச் சேராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு மொழியும் சரளமான ஒருவர் கமராவைத் தொடாமலே திரைப்படத்துறையில் முக்கியமானவர் ஆகலாம்.

மூன்றாவது, பாதுகாத்து வைப்பவர். 1981இல் யாழ் பொதுநூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 1983 யூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோவும் எரிக்கப்பட்டது. பல படங்களின் மூலப்பிரதிகள் அங்கே சாம்பலாகின. அவற்றில் சிங்களப் படங்களும் இருந்தன. இன்று ஆபத்து நெருப்பால் மட்டும் வருவதில்லை. ஒரேயொரு ஹாட் டிஸ்க்கில் வைத்து, அது பழுதாகி, எல்லாம் போவதும் அதே இழப்புத்தான். மூன்று பிரதி, இரண்டு வகையான சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் விதி. கைத்தொலைபேசிக் காணொளிக்குள் எடுத்த இடத்தின் விபரம் பதிந்திருக்கலாம். வெளியிடும் பிரதியில் அதை நீக்கவும், மூலப்பிரதியில் அதைத் தொடாமல் வைக்கவும் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கவேண்டும். ஒன்று ஆளைப் பாதுகாக்கும், மற்றது ஆதாரத்தைப் பாதுகாக்கும்.

நான்காவது, உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் படக்குழுக்களுக்கு ஆட்களை அறிமுகம் செய்து, வழிகாட்டி, மொழிபெயர்த்துத் தருபவர்கள் எமது ஊடகவியலாளர்களும் இளைஞர்களும்தான். குழு போன பின்னர் கேள்விகளுக்கு முகங்கொடுப்பவர்களும் அவர்களே. இந்த வேலையை ஏற்பவர் நாட்கூலி எவ்வளவு, படத்தில் பெயர் வருமா, வராமல் இருப்பது நல்லதா, எடுத்த காட்சிகளின் பிரதி ஊருக்குக் கிடைக்குமா என்பதை முதலே எழுத்தில் பேசிக்கொள்ளவேண்டும்.

படமே இல்லாதபோதும் வேலை உண்டு

"எங்களிடம் அந்த நாளைய படமோ வீடியோவோ ஒன்றும் மிஞ்சவில்லை, எதை வைத்துப் படம் எடுப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. கம்போடிய இயக்குநர் ரித்தி பானுக்கும் அதே நிலைதான். கெமர் ரூஜ் ஆட்சியில் தன் குடும்பத்தை இழந்தவர் அவர். 2013இல் வந்த 'த மிஸ்ஸிங் பிக்சர்' படத்தில், பதிவாகாத காட்சிகளுக்குப் பதிலாகக் களிமண் பொம்மைகளை வைத்தார். அந்தப் படத்தின் இதயம் பொம்மை செய்த சிற்பியின் கையில் இருக்கிறது. களிமண் பிடிக்கத் தெரிந்தவர், படம் கீறத் தெரிந்தவர், நாட்டுக்கூத்துக்கு உடுப்புத் தைத்தவர், ஒப்பாரி பாடத் தெரிந்தவர் எல்லோருக்கும் சினிமாவில் இடமுண்டு. அதே ரித்தி பான் 2006இல் நொம்பென் நகரில் பொபானா என்ற ஒலி, ஒளி ஆவணக் காப்பகத்தை உருவாக்குவதில் முன்னின்றார் என்பதையும் கவனிக்கவேண்டும். படம் எடுத்தவரே பாதுகாக்கும் வேலையையும் தேவை என்று கண்டார்.

பெயரைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. இந்தோனேசியப் படுகொலைகளைப் பற்றிய 'தி அக்ட் ஒஃப் கில்லிங்' 2012இல் வந்தது. அதன் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இணை இயக்குநர் ஒருவர் உட்பட இந்தோனேசியக் குழுவினர் பலரின் இடத்தில் 'பெயர் குறிப்பிடவில்லை' என்றே இருக்கிறது. தம் பாதுகாப்புக்காகப் பெயரை விட்டுக்கொடுத்தார்கள். வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. திரையில் பெயர் வருவதற்காக மட்டும் ஒரு வேலையைத் தெரிவு செய்பவர், பெயர் போடமுடியாத நாள் வந்தால் என்ன செய்வார் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

உடலும் மனமும்

போரில் அவயவம் இழந்தவர்களும், எறிகணைச் சத்தத்தில் காது மந்தமானவர்களும் எம்மிடையே ஏராளம். படத்தொகுப்பு, வர்ணச் சீராக்கம், உபதலைப்பு, ஆவணப்படுத்தல், எழுத்து ஆகியவை இருந்த இடத்தில் இருந்து செய்யக்கூடியவை. அதற்காக, குறையைப் பார்த்து மற்றவர்கள் வேலை ஒதுக்கிக் கொடுப்பது முறையல்ல. முதலில் விருப்பத்தைக் கேட்டு, பிறகு அதற்கான வழியைச் செய்துகொடுப்பதே முறை. சக்கர நாற்காலியில் இருந்து இயக்கவும் முடியும், ஒளிப்பதிவு செய்யவும் முடியும். குழு அதற்கேற்ற இடத்தையும் நேரத்தையும் தெரிவு செய்தால் போதும்.

மனதைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். இறுதிப் போரின் காட்சிகளைப் பார்வையாளர் ஒரு தடவை பார்ப்பார். படத்தொகுப்பாளர் நூறு தடவை பார்ப்பார். அவரே அந்த இடத்திலிருந்து தப்பி வந்தவராக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். உலகெங்கும் இப்படியான காட்சிகளோடு வேலை செய்பவர்கள் கைக்கொள்ளும் வழிகள் சில உண்டு. தேவையில்லாதபோது ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது, காட்சிச் சட்டத்தைச் சிறிதாக்கி வைப்பது, கொடூரமான கோப்புகளுக்குப் பெயரிலேயே அடையாளம் இட்டு யாரும் தற்செயலாகத் திறக்காமல் செய்வது, நித்திரைக்குப் போகுமுன் பார்க்காமல் இருப்பது, தனியாக இல்லாமல் இன்னொருவரோடு பார்ப்பது ஆகியன அவை. இவ்வளவு செய்தும் தாங்க முடியவில்லை என்றால் அந்தப் படத்தில் வேறு வேலைக்கு மாறுவது தோல்வி அல்ல. எந்த வேலை உங்களுக்குப் பொருந்தும் என்பதில், எதை உங்களால் தாங்கமுடியும் என்பதும் அடங்கும்.

எப்படிப் பரீட்சித்துப் பார்ப்பது?

ஐந்து பேர் சேருங்கள். கைத்தொலைபேசி ஒன்றும் சட்டை மைக் ஒன்றும் போதும். மூன்று நிமிடப் படம் ஐந்து எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வேலையை மாற்றுங்கள். எழுத்தும் இயக்கமும் ஒருவர், ஒளிப்பதிவு ஒருவர், ஒலி ஒருவர், நிர்வாகமும் தொடர்ச்சியும் ஒருவர், படத்தொகுப்பும் உபதலைப்பும் ஒருவர். ஐந்து படம் முடியும்போது எல்லோரும் எல்லா வேலையையும் ஒரு தடவை செய்திருப்பீர்கள்.

பிறகு ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குத் தாளில் பதில் எழுதுங்கள். எந்த வேலை செய்தபோது நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலையில் விட்ட பிழை இரவில் நித்திரையைக் கெடுத்தது? அடுத்த படத்துக்கு உங்களை எந்த வேலைக்கு மற்ற நான்கு பேரும் கூப்பிடுவார்கள்? மூன்றாவது பதிலை நீங்களே எழுதாமல் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். நாம் நம்மைப் பற்றி நினைப்பதும் கூட வேலை செய்தவர்கள் கண்டதும் பல தடவை வேறுபடும்.

வருமானத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். வடக்கு, கிழக்கில் கமராவால் பிழைப்பவர்களில் அநேகர் கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா ஆகியவற்றை எடுத்தும், வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலை செய்தும் வாழ்கிறார்கள். அதைக் கீழாக நினைக்கத் தேவையில்லை. தாலி கட்டுவது ஒரு தடவைதான் நடக்கும். அதைத் தவறவிடாமல் எடுக்கப் பழகியவருக்கு ஆவணப்பட ஒளிப்பதிவின் பாதி கைவந்துவிட்டது. ஒலிப்பதிவும் உபதலைப்பும் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதால் அவர்களுக்கு வேலை தேடி வரும் வாய்ப்பும் அதிகம்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகளும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், கொழும்பில் இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. 2015இல் ஆரம்பமான யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா போன்ற இடங்களுக்குப் போனால் படம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். இறுதிப் பெயர்ப்பட்டியலைக் கடைசிவரை வாசியுங்கள். ஒரு படத்துக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பது அங்கேதான் தெரியும்.

இவை எதுவும் உடனே முடியாது என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒன்றைச் செய்யலாம். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ மின்விசிறியை நிறுத்திவிட்டு, யன்னலோரம் இருத்தி, முதன்முதல் இடம்பெயர்ந்த நாளைப் பற்றிப் பத்து நிமிடம் கதைக்க விடுங்கள். கதைக்க விருப்பமா என்று முதலில் கேளுங்கள். பிறகு தனியாக இருந்து அந்தப் பதிவைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் உறுத்துகிறதா, சத்தம் உறுத்துகிறதா, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி உறுத்துகிறதா, இல்லை, அவர் சொன்ன ஒரு சொல்லை வேறு மொழியில் எப்படிச் சொல்வது என்று மனம் தேடுகிறதா என்று கவனியுங்கள். உங்கள் வேலை எது என்பதற்கான முதற்குறிப்பு அதில் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் அந்தப் பத்து நிமிடம் உங்களிடம் இருக்கும். அதை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.